ஜாம்பி முகாமுக்கு முந்தின சாயங்காலம்

"அந்தக் கடைசி ரூமைத் திறங்க சார்."

தேவயானி கேட்டேவிட்டாள். வேலையில் சேர்ந்த அன்றே ஹெட்மிஸ்ட்ரஸ் துர்காதேவி சொல்லியிருந்தார்: "லீவு கேளு, இன்க்ரிமென்ட் கேளு. பழைய ஹாஸ்டல்ல அந்த ரூமை மட்டும் கேட்காதே." நகரியிலிருந்து காலையில் போன் பண்ணின நைனாவும் பவர்லூம் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "பெரிய மனுசங்ககிட்ட வாய் குடுத்துக்கினு இருக்காதே தேவயானி. நம்ம வீட்ல டிகிரி வாங்கினது நீ ஒருத்திதான். இந்த வேலை போச்சின்னா தங்கச்சி படிப்பும் போச்சி."

வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் நாளைக்கு இந்த ஹாஸ்டலில் நாற்பது ஸ்கவுட் பிள்ளைகள் படுக்கப்போகிறார்கள். முகாமுக்குப் பொறுப்பு அவள். தான் திறந்து பார்க்காத ரூமுக்குப் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையையும் படுக்கவைக்க அவளால் முடியாது.

கரஸ்பாண்டென்ட் வெங்கடரமணன் சிரித்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருப்பதி போய்வந்த நாமம் இன்னும் அழியவில்லை.

"ஏம்மா, ஜாம்பி கேம்ப்னு ஐடியா குடுத்ததே நீ. இப்ப நீயே பயந்துக்கினா எப்படி? பழைய பெஞ்சு, உடைஞ்ச கட்டில். அந்தே, அவ்ளோதான்."

"பழைய பெஞ்சுக்கு எதுக்கு சார் ரெண்டு பூட்டு?"

"இல்லன்னா ஜாம்பி வெளிய வந்துடும்ல!"

அவர் ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார்.

ஐடியா அவளுடையதுதான். முடிச்சு போடு, நெருப்பு மூட்டு என்றால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். 'ஊரெல்லாம் ஜாம்பி, நீங்க மட்டும்தான் மிச்சம், என்னா பண்ணுவீங்க?' என்றதும் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் உடம்பெல்லாம் துணி சுற்றிக்கொண்டு மாந்தோப்பிலிருந்து நொண்டி நொண்டி வருவார்கள். சின்னதுகள் தண்ணீரைச் சுத்தம் பண்ணணும், ஸ்ட்ரெச்சர் கட்டணும், உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டணும். அதற்காகத்தான் மத்தியானம் பழைய வேட்டிகளைக் கிழித்து, சுருட்டி, ஹால் மூலையில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தாள்.

குவியல் இப்போது இடுப்பு உயரம்தான் இருந்தது.

"துணியை யாரு சார் எடுத்தாங்க?"

அவர் கண் ஹாலைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிருந்தது.

வராந்தாவில் ஒரே ஒரு பல்பு, அதைச் சுற்றி ஈசல். தோப்புப் பக்கமிருந்து வரும் காற்றில் மாங்கூழ் ஃபாக்டரியின் அழுகிய கொட்டை நாற்றம் எப்போதும்போல வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு வாடை, பச்சையாக, ஈரமாக, மூக்கில் அல்லாமல் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை இருந்தது. அது என்னவென்று தெரிய அவளுக்கு நேரம் ஆகவில்லை. ஆறாம் வகுப்பில் கை உடைந்து புத்தூரில் கட்டு போட்டபோது மாதக்கணக்கில் அவளோடு படுத்து எழுந்த வாடைதான். அரைத்த பச்சிலையும் முட்டை வெள்ளையும். இங்கே யாருக்கு யார் கட்டு போடுகிறார்கள்?

தரையில் ஒரு வேட்டிக் கிழிசல் நீளமாகக் கிடந்தது. ஹாலிலிருந்து புறப்பட்டு, தூணைச் சுற்றி, புதுச் செங்கல் வைத்து எழுப்பிய சுவரோரமாகப் போய், கடைசி ரூமின் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. அந்தச் சுவர் ஒரு மழையில் விழுந்து மறுபடி கட்டினது. அந்த மழையோடுதான் ஹாஸ்டலை மூடினார்கள். மலைப்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய்விட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. தேடிவந்த தாய் தகப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

துணி கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே.

"யஸ்வந்த்?" பத்தாம் வகுப்பில் அவன்தான் வாலு. "டேய், ஒத்திகை பாத்துக்கினு இருக்கியா? ஒழுங்கா வெளிய வந்துடு. முட்டி பேத்துடுவேன்."

துணி நின்றது.

அவள் குனிந்து அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தது. பலமாக இல்லை. ஒரு சின்னக் கை இழுக்கிற அளவுக்குத்தான்.

"யஸ்வந்த் இல்ல டீச்சர்."

கதவுக்கு அடியிலிருந்து வந்தது குரல். தரையோடு தரையாக வாயை வைத்துப் பேசுகிற குரல்.

"நீங்க புது டீச்சரா?"

பின்னால் வெங்கடரமணனின் செருப்பு தரையில் தேய்ந்தது.

"சார் வாசனை வருது," என்றது இன்னொரு குரல், பெண் குரல். "சார், நாங்க தொடவே இல்ல சார். கட்டினவங்க கைதானே அவுக்கணும்? வேற கை பட்டா எலும்பு கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும் சார். காலைல வந்து அவுக்குறேன்னீங்களே."

தேவயானி திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் நாமம் மட்டும்தான் நிறமாக இருந்தது.

"சார், இவங்க யாரு?"

"பசங்க மேல விழுந்த சுவத்துக்குப் பர்மிஷன் இல்ல," என்றார். அவளிடம் இல்லை, கதவிடம். "ஆஸ்பத்திரின்னா போலீஸ் வரும். வைத்தியரைக் கூப்ட்டாலும் ஊருக்குத் தெரிஞ்சிடும். நானே கட்டினேன். நல்லாத்தான் கட்டினேன். காலையில பார்த்தா சத்தமே இல்ல..."

"பூட்டிட்டீங்க."

"அம்மாய், உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

புத்தூர்ப் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். அரித்தாலும், சீழ் வைத்தாலும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அவளும் இருந்தாள். நல்ல பிள்ளை என்றார்கள். இந்தப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாகவே இருந்திருக்கிறார்கள். கேட்காதே என்றால் கேட்காமல். தொடாதே என்றால் தொடாமல்.

பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்து மேலே வந்தது. கோபம்.

"சாவி," என்று கையை நீட்டினாள்.

"பைத்தியமா உனக்கு?"

"சாவியைக் குடுய்யா!"

சாவிக்கொத்தை அவள் காலடியில் எறிந்துவிட்டு ஓடினார். கார் கதவு. இன்ஜின். தோப்பு வழியாகச் சிவப்பு விளக்கு தள்ளாடிக்கொண்டு போனது.

ஓடிவிடலாம். அவளுக்கும் கால் இருக்கிறது.

முதல் பூட்டு. துரு. சாவியை இரண்டு கையாலும் திருப்பினாள்.

இரண்டாவது பூட்டு.

கதவைத் தள்ளினாள்.

வாடை மேலே வந்து மோதியது. இருட்டு. இருட்டில் வெள்ளை. வெள்ளைக்கு மேல் வெள்ளை. அவள் கிழித்த வேட்டிகள்.

"பழசு நைஞ்சி போச்சி டீச்சர். அதுக்கு மேலயே சுத்திக்கினோம். அவுக்கல."

முகத்திலும் சுற்றியிருந்தார்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கி, வெளித்தள்ளியது. மூச்சு இல்லை, பழக்கம். மூங்கிலுக்குப் பதில் உடைந்த ஸ்கேல், துடைப்பக்கட்டை. கால்கள். முட்டி பின்பக்கம் மடங்கிய கால்கள். அந்த மனுசன் அப்படித்தான் கட்டியிருந்தார். அப்படியேதான் நின்றார்கள். வரிசையாக. உயர வரிசையில்.

"நீங்க அவுக்குறீங்களா?"

கை தானாகப் போனது. துணியைத் தொடுகிற தூரம் வரைக்கும். உள்ளே ஏதோ நெளிந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் கட்டலியே," என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. "கட்டினவரு வீடு எனக்குத் தெரியும்."

போனை எடுத்தாள். பெற்றோர் குரூப்பில் அடித்தாள்: 'நாளைக்கு முகாம் இல்லை. பிள்ளைகளை யாரும் இந்த ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள்.' அனுப்பியதும் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். நைனா கூப்பிட்டார். போனை அணைத்தாள்.

"வாங்க."

வராந்தாவைக் கடந்தாள். கேட்டைத் திறந்து, திறந்தபடியே விட்டாள். தார் ரோடு. அவர் வீடு இருக்கிற புத்தூர்ப் பக்கம் திரும்பினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது.

பின்னால் கட்டை தாரில் ஊன்றும் சத்தம். இழுபடும் துணி. மறுபடி கட்டை.

பிச்சாட்டூர்ப் பக்கமிருந்து ஒரு லாரி வளைவில் திரும்பியது. அதன் வெளிச்சம் அவள் முதுகைத் தாண்டி முன்னால் ரோட்டில் விழுந்தது. அவள் நிழல் நீண்டது. அதன் இரண்டு பக்கமும் குட்டை நிழல்கள், முட்டி பின்னால் மடங்கி, ஒன்றன் கட்டின் நுனியை ஒன்று பிடித்துக்கொண்டு. அந்த ரூமுக்குள் நின்றதைவிட நிறைய. ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும்.

லாரி ஹாரன் அடித்தது. நிழல்கள் எல்லாம் ஒன்றாகத் தலை திருப்பின.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.