யுத்தக் கப்பலில் கோழிக்கூடு

ஆலங்குடி பஸ்ஸிலிருந்து மூன்றடி நீளமுள்ள போர்க்கப்பல் ஒன்று புதுக்கோட்டையில் இறங்கியது. அதை வேட்டியில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கீழ ராஜ வீதியிலிருந்த இன்னாசியின் போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார் திருப்பதி. ஆலங்குடிப் பக்கத்தில் முந்திரித் தோப்பும் கடலைக் காடும் உள்ள விவசாயி அவர். முகத்தில் மூன்று நாள் தாடியும் மூன்று நாள் தூக்கமின்மையும் இருந்தன.

அது 1951ஆம் ஆண்டு வைகாசி மாதம். இன்னாசி அப்போது ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில், மூக்கருகே இருந்த மருவை மெல்லிய தூரிகையால் அழித்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் குழந்தைசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமஸ்தானம் இருந்தவரை அவர் அதன் போலீஸ் இன்ஸ்பெக்டர். சமஸ்தானம் போனதும் வேலையை விட்டுவிட்டார். ஆனால் சிக்கலில் மாட்டியவர்கள் அவரை விடுவதாக இல்லை. எல்லோரும் இந்த ஸ்டுடியோவுக்கே தேடி வந்ததால், படம் எடுப்பதைவிடத் துப்பறிவதில்தான் இன்னாசிக்கு இப்போது ருசி அதிகம்.

"இன்ஸ்பெக்டரய்யா, வெள்ளிக்கிழமை எம் மக செவந்திக்குக் கல்யாணம். நடக்குமா நிக்குமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் திருப்பதி. வேட்டியை அவிழ்த்தார்.

இன்னாசி தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். பூவரசு மரத்தில் செதுக்கி, சாம்பல் வண்ணம் பூசிய கப்பல். குடைக்கம்பியில் பீரங்கிகள், பழைய கழுத்துச் சங்கிலியில் நங்கூரம். அப்படியே தண்ணீரில் விட்டால் கிளம்பிவிடும் போலிருந்தது.

"மாப்பிள்ளை அய்யாக்கண்ணு செஞ்சதுங்க. இப்ப ஆலங்குடி ரைஸ்மில்லுல இஞ்சின் பாக்குறாரு. யுத்தத்துல 'துங்கபத்ரா'ங்கிற கப்பல்ல பாய்லர் வேலை பாத்தேன்னாரு. நிச்சயத்தன்னைக்கு இதைக் கொண்டாந்து செவந்தி கையில குடுத்தாரு. நாங்களும் பூரிச்சுப் போயி இருந்தோம். எம் பொஞ்சாதியோட அண்ணன் அழகுமலை இந்தப் பத்திரிகையைத் தூக்கிட்டு வந்தாரு பாருங்க, அன்னைக்குப் புடிச்சது சனி."

அது 1943இல் வந்த ஆங்கிலப் பத்திரிகை. அதில் அதே கப்பலின் படம் பெரிதாக இருந்தது. அடியில், யுத்தத் தணிக்கையாளரின் அனுமதியோடு வெளியிடப்படுவதாக ஒரு வரி.

"ரெண்டும் ஒத்துப் போகலீங்க. கேப்டன் நிக்கிற மேடைக்குப் பின்னால மாப்பிள்ளை ஒரு உருண்டைக் கூண்டு வச்சிருக்காரு. படத்துல அந்த எடத்துல வெறும் வானம்தான். என்ன மாப்பிள்ளை இதுன்னு கேட்டா, கோழிக்கூடுங்கிறாரு! யுத்தக் கப்பல்ல கோழிக்கூடான்னு ஊரே சிரிக்குது. அவன் கப்பலையே பாத்ததில்லை, யுத்தம் முடியிற மட்டும் எந்த ஜெயில்ல கெடந்தானோங்கிறாரு மச்சான். அவரு மகனுக்குப் பொண்ணு குடுக்கலைங்கிற கோவம் அவருக்கு உண்டு. இருந்தாலும் படம் பொய் சொல்லுமாங்க?"

"சர்வீஸ் காகிதம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார் குழந்தைசாமி.

"நாப்பத்தாறுல பம்பாயில கப்பல்படைக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணுனாங்கள்ல, அதுல இவரும் சேந்ததால வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். அந்தக் களேபரத்துல பெட்டி போச்சுங்கிறாரு. எழுதிக் கேட்டிருக்காரு, பதில் வரலை." திருப்பதி கப்பலைக் குழந்தைசாமி பக்கம் நகர்த்தினார். "பொய்யனுக்குக் குடுத்தா எம் மக வாழ்க்கை போச்சு. நல்லவனை விரட்டுனாலும் போச்சு."

குழந்தைசாமி லென்ஸை எடுத்துப் படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு இன்னாசியிடம் நீட்டினார். "உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?"

"கப்பல் நம்மளப் பாத்து வருது. முன் தளத்துல ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. அவங்க நிழலு நீளமா பின்பக்கம் விழுது. புகைபோக்கி நெத்தியில ஒரு மெல்லிசுக் கோடு, அது கொடிமரத்தோட நிழலு. அதுக்குப் பக்கத்துல தடியா, தலை உருண்டையா ஒரு கறுப்பு. புகைக்கறைங்க."

"புகை மேல போகும். கறை முன்பக்கம் இறங்குமா?"

இன்னாசி கப்பல் பக்கம் குனிந்தார். அவசரத்தில் அதன் புகைபோக்கியைத் தொட்டார். அது மூடிபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது.

"ஐயையோ, ஒடச்சுட்டேனா!"

"ஒடையலை. மாட்டிக் கழட்டத்தான் செஞ்சிருக்காரு. உள்ளே பாருங்க."

புகைபோக்கியின் உட்சுவரில், வளைத்த குண்டூசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராகக் குத்தப்பட்டிருந்தன. பொம்மைக்கு வைத்த ஏணிபோல இருந்தது. குழந்தைசாமி புன்னகைத்தபடி புகைபோக்கியை மாட்டினார்.

அன்று மாலையே இருவரும் ஆலங்குடி ரைஸ்மில்லுக்குப் போனார்கள். அய்யாக்கண்ணு கையிலிருந்த எண்ணெயைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வந்தான். மூலையில் ஒரு தகரப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"கப்பல்ல அந்த உருண்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதுங்க. கிட்டப் போனா காவல்காரன் வெரட்டுவான். பாக்கக் கூண்டு மாதிரி இருந்ததால நாங்க கோழிக்கூடுன்னு சொல்லுவோம். உள்ளதைச் சொன்னேன், சிரிக்கிறாங்க. நாளைக்குக் கொழும்புக்குப் போறேன்."

"நாளைக் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள திருப்பதி வீட்டுக்கு வாங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க" என்றார் குழந்தைசாமி.

மறுநாள் விடிந்ததும் திருப்பதியின் களத்தில் ஊரில் பாதி கூடிவிட்டது. காய்ந்துகொண்டிருந்த முந்திரிக்கொட்டையை ஒதுக்கிவிட்டு ஒரு பெஞ்சு போட்டார்கள். அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். செவந்தி வாசற்படியை விட்டு இறங்கி, களத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.

குழந்தைசாமி கப்பலைப் பெஞ்சில் வைத்தார். "இன்னாசி, படத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. படத்துல வெயில் எந்தப் பக்கம்?"

"கப்பலுக்கு முன்னாடி. லேசா வலப்பக்கம்."

குழந்தைசாமி கப்பலின் முனையைக் காலைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்... போதும்!" என்று கத்தினார் இன்னாசி. "கொடிமரத்து நிழல் சரியா விழுந்துருச்சு. ஆத்தாடி! அந்தக் கறையும் வந்துருச்சுங்க!"

சாம்பல் நிறப் புகைபோக்கியில் மெல்லிய கோடு ஒன்றும், அதன் அருகே தடித்து, தலை உருண்ட கருநிழல் ஒன்றும் விழுந்திருந்தன. திருப்பதி படத்தையும் கப்பலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குழந்தைசாமி கோழிக்கூட்டை மெல்லக் கழற்றினார். கருநிழல் மறைந்தது, கோடு மட்டும் நின்றது. திரும்பப் பொருத்தினார். நிழலும் திரும்ப வந்தது.

"படத்துல கூண்டு இல்லை, அதோட நிழல் மட்டும் இருக்கு. அது எப்படி?" என்றார் குழந்தைசாமி. "இன்னாசி தினமும் கல்யாணப் பொண்ணு முகத்துல மருவை அழிக்கிறாரே, அதே வேலைதான். அந்தக் கூண்டுக்குள்ள இருந்தது ரேடார். இருட்டுலயும் மழையிலயும் எதிரி கப்பல் எங்கே இருக்குன்னு ரேடியோ அலையில கண்டுபிடிக்கிற கருவி. எதிரிக்கு அது தெரியக்கூடாதுன்னு, பத்திரிகைக்குக் குடுக்கிற படத்துல கூண்டை அழிச்சுட்டாங்க. அதுக்குத்தான் தணிக்கை. அழிச்ச ஆளு வானத்தைச் சுத்தமாக்கினான், புகைபோக்கியில விழுந்த நிழலை மறந்துட்டான். படத்தைப் பாத்துக் காப்பியடிச்சவன் கூண்டு வச்சிருக்கவே மாட்டான். கப்பலைப் பாத்தவன்தான் வைப்பான்."

கூட்டம் முணுமுணுத்தது. அழகுமலை விடுவதாக இல்லை. "பாத்திருக்கலாங்க. துறைமுகத்துல கரையில நின்னு எவனும் பாக்கலாம். அதுக்காகக் கப்பல்ல வேலை பாத்தான்னு ஆயிருமா?"

"நியாயமான கேள்வி" என்ற குழந்தைசாமி, புகைபோக்கியைக் கழற்றி அழகுமலையின் கையில் கொடுத்தார். "உள்ளே பாருங்க."

"ஏணி மாதிரி இருக்கு."

"கரையில நிக்கிறவன் கண்ணுக்கு இது தெரியுமா? தம்பி, இது எதுக்கு?"

அய்யாக்கண்ணு இயல்பாகச் சொன்னான். "துறைமுகத்துல நிக்கும்போது கரி சொரண்ட உள்ள எறங்குவோங்க. ரொம்ப இடுக்கு. ரெண்டு தோளும் ஒரசும். அந்தக் கம்பியைப் புடிச்சுத்தான் ஏறணும்."

"மூடினா வெளியே தெரியாத எடத்துல இவ்வளவு வேலை எதுக்கு?"

"அங்க இருந்துச்சுங்க. அதான் வச்சேன்."

அழகுமலை புகைபோக்கியைக் கையில் வைத்தபடியே நின்றார். "அச்சுல வந்ததை நம்புனேன் மாப்பிள்ளை" என்றார் திருப்பதியிடம்.

"நீங்க பொய்ப் படம் கொண்டு வரலை. ஆனா அது உண்மையா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சு" என்றார் குழந்தைசாமி. அழகுமலை தலைகுனிந்தார்.

திருப்பதி ஓடிப்போய் அய்யாக்கண்ணுவின் கையைப் பிடித்தார். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டான். முகம் இறுகியிருந்தது. "நிரூபிச்சாச்சு மாமா, சந்தோசம். ஆனா இன்னைக்குக் கப்பலுக்குச் சாட்சி கேட்டீங்க, நாளைக்கு வேற எதுக்காச்சும் கேப்பீங்க. நான் பொறப்படுறேன்." பெஞ்சிலிருந்த கப்பலைத் தூக்கினான். இன்னாசி பதறிக் குழந்தைசாமியைப் பார்த்தார். இதற்கு அவரிடமும் துப்பு எதுவும் இல்லை.

"அதை வைங்க" என்றாள் செவந்தி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். "அது எனக்குக் குடுத்தது. எங்க அப்பா கேட்டாரு, மாமா கேட்டாரு, ஊரு கேட்டுச்சு. நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்க கோழிக்கூடுன்னு சொன்னீங்க. சரின்னு நம்பிட்டு இருந்தேன். நம்புனவளுக்கும் சேத்துத் தண்டனை குடுத்துட்டுப் போவீங்களா?"

அய்யாக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தான். பம்பாயிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, சொன்னதைச் சொன்னபடி நம்பிய ஓர் ஆளை அவன் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், கப்பலோடு அப்படியே நின்றான்.

அழகுமலைதான் முதலில் அசைந்தார். புகைபோக்கியைக் கவனமாக அதன் இடத்தில் மாட்டினார். பிறகு கப்பலின் மறுமுனையைத் தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டார்.

"தம்பி, பாத்து வாங்க, வாசப்படி ஒசரம். இதை நடுவீட்டுல வச்சுட்டு நான் மாலைக்குச் சொல்லப் போகணும். தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம இவ கழுத்துல தாலி ஏறுமா?"

இரண்டு பேருமாகக் கப்பலை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.