குரல் மாறிய குட்டி

அந்தப் பன்றிக்குட்டி கத்தியதில் ஏதோ சரியில்லை. பசிக்குக் கத்துவதும் தாய்க்குக் கத்துவதும் மரியாயிக்குத் தெரியாததா என்ன? இது தொண்டையில் துணி அடைத்தாற்போலக் கரகரத்து வந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பட்டிக்குள் எட்டிப்பார்த்தாள். இமைகள் இரண்டும் வீங்கி, அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல அது அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இருட்டுவதற்குள் விழுந்து, காலை உதைத்துச் செத்தது.

மெலிந்தவை தப்பிக்க, இருந்ததிலேயே கொழுத்தது மட்டும் சாவது எந்த ஊர் நோய்? யாரோ வஞ்சகம் செய்கிறார்கள் என்று அவள் மனம் அப்போதே முடிவு கட்டிவிட்டது. தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாம் மிச்சம் மீதியை அவள் வாசலில் உள்ள கழனித்தண்ணி வாளியில் ஊற்றுவார்கள். கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்குப் பன்றி அறுக்கும்போது ஊற்றியவர்களுக்கு இறைச்சியில் பங்கு. அந்த வாளியை யார்தான் தொட முடியாது? அதிலும் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருக்கும் காத்தமுத்து, பட்டி நாறுகிறதென்று தோட்டத்துத் துரையிடம் போய் முறையிட்டவன்.

மறுநாள் முழுக்க மழை. பக்கத்து ரப்பர் தோட்டப் புகைக்கூண்டிலிருந்து வந்த புகையும் ஈரச் சாணமும் புளித்த சோறும் கருவாட்டுத் தலையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏற, தகரக் கூரையின் இரைச்சலுக்குள் ஒவ்வொரு காலடியையும் பிரித்துக் கேட்டபடி அவள் ஜன்னலோரம் காத்திருந்தாள். காத்தமுத்து வந்து ஊற்றினான்.

"அண்ணே, என்னா ஊத்துனீங்க?"

"கஞ்சிதான் தங்கச்சி. ஏன், குடிச்சுக் காட்டணுமா?"

அவன் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அன்று இன்னொரு குட்டிக்கு இமை வீங்கியது. மரியாயிக்குக் காலில் புண் வந்தபோது டிஸ்பென்சரியில் விழுங்கக் கொடுத்த, கிருமியைக் கொல்லும் குளிசைகள் மிச்சமிருந்தன. பிரித்து, எல்லாக் குட்டிகளின் தீனியிலும் கொட்டிக் கலக்கினாள். நஞ்சோ கிருமியோ, எதுவானாலும் கேட்கட்டும். பட்டியே கதியென்று கிடக்கும் மகள் ரோஷானிக்கும் காலையிலிருந்து வயிற்றுவலி, பேதி. இருப்பது ஒரே பிள்ளை. அவளுக்கும் அதிலேயே ஒன்றைக் கொடுத்துப் படுக்கவைத்தாள்.

விடிந்தபோது பட்டியில் சத்தமே இல்லை. குட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பலாங்கொடையிலிருந்து வந்த மிருக டொக்டர் ஜெயந்தி ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"நஞ்சு யாரும் வைக்கலக்கா. இது குடல்ல இருக்கிற கிருமி வேலை மாதிரி தெரியுது. அந்தக் கிருமிக்குள்ளேயே ஒரு வைரஸ் புகுந்து ஒளிஞ்சு கெடக்கும். நஞ்சு செய்யுற வித்தைய கிருமிக்குக் குடுக்கிறதே அதுதான்."

"அப்ப கிருமிய கொன்னா சரிதானேங்க?"

"அதுலதான் வில்லங்கம். சில மருந்து பட்டா தூங்குற வைரஸ் முழிச்சுக்கும். கிருமி வெடிச்சு, நஞ்சு மொத்தமா வெளிய வந்துரும். பிள்ளைகளுக்கும் இந்த மாதிரி ஒன்னு வரும், கவனம். நீங்க ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"

மரியாயி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள்.

வாசலில் காத்தமுத்து நின்றிருந்தான். இந்த இரண்டு நாளும் அவனை என்னவெல்லாம் நினைத்தோம் என்று ஒரு கணம் உறைத்தது. அவன் முகத்தில் நிஜமான ஆறுதல்.

"ஒன்னாவது தப்புச்சுருக்கு தங்கச்சி. ஓங்க காம்பராவுக்குள்ள வந்துருச்சு போல. நீங்க வெளிய போனதுல புடிச்சு கத்திக்கிட்டே இருக்கு."

கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருட்டு. புளித்த வாடை. ஜன்னலில் காலிக் குளிசை அட்டை.

படுக்கையில் போர்வை அசைந்தது.

ரோஷானி எழுந்து நின்றாள். கால்கள் தள்ளாடின. இமைகள் இரண்டும் வீங்கி, அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல அவளையே பார்த்தாள்.

வாய் திறந்தது.

"அம்மா" என்றுதான் சொல்ல வந்தாள். கரகரத்து வந்தது, அந்தக் குரல்.