பவளப்பாறையில் ஒரு பல்செட்

கடலுக்குள் இறங்கும்போது ஆவுடையப்பனிடம் மேல்வரிசைப் பற்கள் முழுதாக இருந்தன. பவளப்பாறைக்கு மேலே மிதந்து, உப்புத்தண்ணீரைக் குடித்து, இருமி, தலையைத் தூக்கியபோது ஒன்றுகூட இல்லை!

"ஷிந்துஷா! ஏ ஷிந்துஷா!"

பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த மகள் சிந்துஜா முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். "என்னப்பா, வாய்க்குள்ள மீன் எதும் போயிட்டா?"

"மீன் போகல தாயி. பல்லு போயிட்டு."

அப்பா பொக்கைவாயைத் திறந்து காட்டினார். சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படகைப் பார்த்தார்கள். அங்கே உலகம்மாள், மிதவைச் சட்டையின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு, கடலில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நங்கூரம் போட்டு நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

சாகசக் கதை என்றால் வீரர்கள் ஓட்டைப் படகில், பசியோடு, கிழிந்த வரைபடத்தோடு புறப்படுவது வழக்கம். இவர்கள் போர்ட் பிளேரிலிருந்து புறப்பட்ட படகில் மெத்தை இருக்கைகள் இருந்தன. தலைக்கு மேல் கூரை. ஏறியதும் ஆளுக்கொரு தம்ளர் எலுமிச்சைச் சாறு, முகம் துடைக்கக் குளிர்ந்த துண்டு. தீவுக்குப் போய், கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்த்து, மணலில் உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். இந்தப் பயணத்தில் ஆபத்து என்று ஒன்று வந்தால் அது சமோசாவிலிருந்துதான் வரவேண்டும்.

ஆவுடையப்பன் தென்காசியில் அரசுப் பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகம்மாள் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்கள் அவர் வேலைக்குப் போனது இவருடைய பஸ்ஸில்தான். இருவரும் துணையை இழந்து வெகுகாலம் ஆயிற்று. ஆவுடையப்பனின் மகள் சிந்துஜாவும், உலகம்மாளின் மகன் ஜெகதீஷும் சேர்ந்து பேசி, ஜாதகம்கூடப் பார்க்காமல், போன மாதம் குற்றாலத்தில் பெரியவர்களுக்கு மாலை மாற்றிவைத்தார்கள். தேனிலவுக்கும் அவர்களே டிக்கெட் எடுத்தார்கள். தனியாக அனுப்பப் பயந்து கூடவே வந்தும்விட்டார்கள்!

கல்யாணமாகி ஒரு மாதமாகியும் மாப்பிள்ளை பெண்டாட்டியை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார். பெண்ணும் 'கண்டக்டர் சார்' என்றுதான் கூப்பிட்டார். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெண்டாட்டியைப் பார்த்து 'சிஸ்டர்' என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. படகில் எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் காலையிலிருந்தே இவர்களை அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

பேச்சு நிச்சயமான அன்று உலகம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உங்க சிரிப்புதான் எனக்குப் பிடிச்சது."

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சிரிப்பு அவருடையதா? தென்காசி பல் டாக்டர் செய்து கொடுத்ததல்லவா! ராத்திரி குளியலறையைத் தாழ் போட்டுப் பல்செட்டைக் கழுவி, மறுபடி மாட்டிக்கொண்டுதான் படுக்கைக்கு வருவார். படகு புறப்படும்போது படகுக்காரர்கள் எடுத்த போட்டோவில்கூட உதட்டை ஒட்டவைத்த மாதிரிதான் நின்றார். செட்டின் ஓரம் வெளியே தெரிந்துவிட்டால்?

இப்போது ஓரம் மட்டும் இல்லை, மொத்தமும் கடலுக்குள் கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் உலகம்மாள் ஒரு தூக்கைத் திறக்கப் போகிறார். ஆவுடையப்பனுக்காகவென்றே கைவலிக்கப் பிழிந்துவந்த முறுக்கு. கல் மாதிரி, நல்ல முறுக்கு!

நங்கூரத்தைத் தூக்கிவிடலாம்.

"எங்கப்பா விழுந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"இந்தா, இந்தப் பாறைக்கு நேர் கீழதான். இங்கதான இருமினேன்."

"நிச்சயமா?"

"ஏட்டி, ஷர்வீஷ்ல ஒரு ஷ்டாப்பைத் தப்பாச் ஷொல்லிருக்கேனா நான்?"

சத்தம் கேட்டு ஜெகதீஷ் நீந்தி வந்தான். விஷயத்தைக் கேட்டவன் சிரிக்கவில்லை. ஆவுடையப்பனைக் கல்யாணத்துக்குப் பிறகும் 'சார்' என்றே கூப்பிடுகிற பையன்.

"கவலைப்படாதீங்க சார். ரெண்டு ஆள் ஆழம்தான் இருக்கும். நானும் சிந்துவும் முங்கிப் பாக்கோம். நீங்க அம்மா இந்தப் பக்கம் வராமப் பாத்துக்கிடுங்க."

"வாயைத் தொறக்காம எப்படில பாத்துக்கிட?"

"குழாயைக் கடிச்சுக்கிடுங்கப்பா!" என்றாள் சிந்துஜா. "அதை வாயில வச்சிருக்கிற வரைக்கும் யாரு என்ன கேட்டாலும் 'ம்'தான். அதைவிட நல்ல மூடி கிடைக்குமா?"

ஈறால் குழாயைக் கவ்விக்கொண்டு ஆவுடையப்பன் படகும் பாறையும் தெரிகிற இடத்தில் காவலுக்கு மிதந்தார். புதையல் வேட்டை தொடங்கியது!

மிதவைச் சட்டைகளை அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார்கள். கீழே வேறோர் ஊர். மான்கொம்பு மாதிரிப் பவளங்கள், ஊதா உதடு பிளந்து கிடக்கும் பெரிய சிப்பி, நடுத்தெருவில் படுத்துக்கிடக்கும் கடல் அட்டை. கிளிமீன் ஒன்று பாறையை 'கறுக் கறுக்' என்று கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இருந்த பல்லைப் பார்த்துச் சிந்துஜாவுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். உடைந்த பவளத் துணுக்குகள் தரையெல்லாம் இறைந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை! எதைப் பார்த்தாலும் கடைவாய்ப்பல்! ஆயிரம் பேர் வாயைத் திறந்து சிரிப்பதுபோல அந்தக் கடல்தரை அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

மேலே வந்து மூச்சு வாங்கினார்கள்.

"கிடைச்சுதா?" என்றான் ஜெகதீஷ்.

"ஒரு சங்குதான் கிடைச்சுது. அதுக்குள்ளயும் ஆள் இருக்கு."

"பவளத்தைத் தொட்டுராத. அந்த மார்ட்டின் அண்ணன் பாத்தாருன்னா நம்மள மீனுக்குப் போட்டுருவாரு."

மார்ட்டின் என்பவர் படகின் வழிகாட்டி. போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இறங்குவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்திருந்தார். "பவளத்து மேல நிக்காதீங்க. பாறை முடியிற எடத்துக்குப் போகாதீங்க, அங்க நீரோட்டம் இழுக்கும். இழுத்துச்சுன்னா எதிர்த்து நீந்தாதீங்க. சும்மா மிதங்க, நாங்க வந்து தூக்கிருவோம். சட்டையில விசில் தொங்குது பாருங்க, ஆபத்துன்னா ஊதுங்க." அந்த ஆரஞ்சுநிற பிளாஸ்டிக் விசிலை ஆவுடையப்பன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். விசில் ஊதுவது எப்படி என்று தனக்கே ஒருவன் சொல்லித்தரும் காலம் வந்துவிட்டதே என்பதுபோல ஒரு பார்வை.

இப்போது மார்ட்டின் படகின் மறுபக்கத்தில், எதிர்சீட்டுக் குடும்பத்துக் குழந்தைக்கு முகமூடி மாட்டிக்கொண்டிருந்தார். ஜெகதீஷும் சிந்துஜாவும் தேடித் தேடிப் பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

ஏணியடியில் இடுப்பளவு தண்ணீரில் உலகம்மாள் நின்றார். குனிந்து எதையோ பார்த்தார். நிமிர்ந்து, தூரத்தில் மிதக்கும் புருஷனைப் பார்த்தார். ஆவுடையப்பன் கையை ஆட்டினார். அவரும் ஆட்டினார், இடது கையை மட்டும். பிறகு தண்ணீரில் படுத்து, பிள்ளைகள் இருக்கும் திசையில் நீந்த ஆரம்பித்தார்.

'ஐயய்யோ! அங்க போகக்கூடாதே! பிள்ளைக பல்லைத் தேடுததைப் பாத்துருவாளே!'

"ம்ம்! ம்ம்ம்!" என்று குழாய்க்குள் கத்தினார் ஆவுடையப்பன். குழாயிலிருந்து வந்த சத்தம் எருமைக் கன்று கூப்பிடுவதுபோல இருந்தது. உலகம்மாளுக்குக் கேட்கவில்லை. ஒரே கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போனார். ஒரே கையால் துடுப்புப் போட்டால் படகு எங்கே போகும்? வளைந்து வளைந்து ஓரத்துக்குப் போகும். அவரும் போனார். பாறை முடிகிற இடத்துக்கு.

வெளிர்பச்சைத் தண்ணீர் திடீரென்று கருநீலமாக மாறுகிற கோடு அது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் உலகம்மாள் பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தார். காலை உதைத்தார். நகரவில்லை. இன்னும் வேகமாக உதைத்தார். உதைக்க உதைக்க இன்னும் தள்ளிப் போனார்! தலை ஒருமுறை அலைக்குள் போய் வந்தது. தூரத்தில், தீவுமுனையைச் சுற்றிக்கொண்டு ஒரு விரைவுப் படகு சீறிக்கொண்டு வந்தது.

ஆவுடையப்பன் குழாயைத் துப்பினார். பல்லாவது, வெட்கமாவது!

"ஷிஷ்டர்! உதைக்காதீங்க! மிதங்க!"

காற்று எதிர்த்தாற்போல் அடித்தது. குரல் அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. தோளில் தொங்கிய விசிலைப் பிடித்து ஈறுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அழுத்தி, நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்து ஊதினார்.

ஒற்றை விசில். நீளமாக.

தென்காசியில் ஒற்றை விசில் என்றால் 'வண்டி நிற்கட்டும்.' இரட்டை விசில் என்றால் 'போலாம், ரைட்.' ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதென்று உலகம்மாள் தெருமுனையிலிருந்து ஓடிவருகிற நாட்களில், படிக்கட்டில் தொங்கியபடி ஆவுடையப்பன் அந்த ஒற்றை விசிலைத்தான் ஊதுவார். கேட்டதும் அந்த அம்மாள் ஓட்டத்தை நிறுத்திவிடுவார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து வருவார். ஓட வேண்டாம், வண்டி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

கடலுக்கு நடுவில் அந்த விசில் கேட்டது. உலகம்மாளின் கால்கள் நின்றன!

உதைப்பதை விட்டார். மல்லாந்து படுத்தார். நீரோட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் இப்போது தலை தண்ணீருக்கு மேலே இருந்தது, மிதவைச் சட்டை தன் வேலையைப் பார்த்தது. ஆவுடையப்பன் விடாமல் ஊதினார். ஒற்றை, ஒற்றை, ஒற்றை. விரைவுப் படகின் ஓட்டுநர் சத்தம் வந்த பக்கம் பார்த்து வேகத்தைக் குறைத்தார். மார்ட்டின் சிறு ரப்பர் படகைத் தண்ணீரில் தள்ளிக் குதித்தார். பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஜெகதீஷ் "எம்மா!" என்று அலறிக்கொண்டு சீறி வந்தான். பின்னாலேயே சிந்துஜா.

மார்ட்டின் முதலில் பிள்ளைகள் இருவரையும் காதைத் திருகாத குறையாக ரப்பர் படகில் ஏற்றினார். மூவரும் சேர்ந்து உலகம்மாளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆவுடையப்பன் விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினார்.

போலாம், ரைட்.

ரப்பர் படகு அவர் பக்கத்தில் வந்து நின்றது. உலகம்மாள் குனிந்து பார்த்தார். ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். கண்ணில் வழிவது கடலா என்னவென்று சொல்ல முடியாத முகம், பொக்கைவாய் பிளந்தபடி. மூடவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

"ஒத்தைக் கையால யாராவது நீந்துவாங்களா ஷிஷ்டர்? இன்னொரு கைக்கு என்ன வந்துச்சு?"

உலகம்மாள் மூடியிருந்த வலது கையை நீட்டித் திறந்தார். உள்ளே ரோஸ்நிற ஈறோடு மேல்வரிசைப் பற்கள் சிரித்தன.

"ஏணியடியில கிடந்துச்சு. மிதிச்சுட்டேன்."

"ஏணியடியிலயா!" சிந்துஜா தலையில் அடித்துக்கொண்டாள். "சர்வீஸ்ல ஒரு ஸ்டாப்பைத் தப்பாச் சொன்னதில்லன்னீங்க!"

"இறங்கும்போதே ஒரு வாய் தண்ணி குடிச்சேன். அப்பவே விழுந்துட்டு போல." ஆவுடையப்பனின் குரல் தேய்ந்தது.

"நான் குடுத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்," என்றார் உலகம்மாள். "சிந்துகிட்ட ரகசியமாக் குடுத்துரலாம்னுதான் நீந்துனேன். கையைத் தொறந்தா விழுந்துருமேன்னு..."

"உனக்குத் தெரியுமா?" முதல்முறையாக 'உனக்கு' என்று வந்துவிட்டது.

"முப்பது வருசம் நர்ஸு. எத்தனை பேரு பல்செட்டைக் கழுவிருக்கேன்! அதை விடுங்க. அன்னிக்கு வேகத்தடையில வண்டி தூக்கிப் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? உங்க பல்லு என் சீட்டுக்கடியில வந்து விழுந்துச்சு. எடுத்துட்டு, கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னீங்க."

"பாத்தியா நீ?"

"பாத்தேன். என்னைப் பாத்துக் கண்ணாலேயே ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பைத்தான் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

ஆவுடையப்பன் ரப்பர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் முடி மட்டும் என்ன? சாயம்தான்," என்றார் உலகம்மாள்.

"அது தெரியும். ஷன்னல் ஷீட்டுல வெயில் பட்டா ஷெம்பட்டையாத் தெரியும்."

"ஏறுங்கப்பா மொதல்ல," என்று ஜெகதீஷ் கையை நீட்டினான். 'சார்' எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை.

மணலில் சாப்பாடு நடந்தது. பல்செட்டை நல்ல தண்ணீரில் கழுவாமல் வாயில் வைக்கக்கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி, அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். முறுக்கை ஒடித்து டீயில் நனைத்துக் கொடுத்தார். ஆவுடையப்பன் ஈறால் மென்றார். தூக்கு காலியாகும்வரை மென்றார். மார்ட்டின் நால்வரையும் உட்காரவைத்துத் திட்டினார். திட்டி முடித்ததும் அவரும் இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

இந்தச் சாகசத்திலிருந்து ஒரு நீதியைப் பிழிந்தெடுக்கவேண்டுமென்றால் அது சின்னதுதான்: மூச்சுக்குழாயைக் கடிக்குமுன் பல்செட்டைக் கழற்றி, கட்டிய மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். எப்படியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் படகு துறைக்குத் திரும்பியது. காலையில் போட்டோ எடுத்தவர் மறுபடி கேமராவோடு நின்றார். "எல்லாரும் சிரிங்க!"

ஆவுடையப்பன் உலகம்மாளின் தோளில் கைபோட்டார். எதிர்சீட்டுக் குடும்பம் திடுக்கிட்டது. அவர் வாயை முழுசாகத் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

பல்செட் அப்போதும் கைப்பைக்குள்தான் இருந்தது.