சூடேறாத வளை

தணிகைவேல் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். மணிக்கட்டில் வளை குளிர்ந்தே கிடந்தது.

மின்மயானத்தின் தட்டில் கோமளவல்லியின் அப்பா கிடந்தார். எதிரே ஒரே மகளான அவள் நின்றாள்.

அரசு ஊழியர் எல்லோருக்கும் நன்றிவளை மாட்டிப் பல வருடங்களாகிவிட்டன. எதிரே நிற்பவரின் மனம் நிறைந்தால் வளை அதை உணர்ந்து, ஊழியரின் நரம்பில் இதமான சூடாக இறக்கும். வாயளவு நன்றிக்கு மசியாது. நிர்வாகத்தில் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று கொண்டுவந்தது. புகார் போகுமுன்பே தெருவிளக்குகள் எரிந்தன. ரேஷன் கடையில் சிரித்துப் பேசினார்கள். சூடில்லாமல் ஊழியரின் விரல் அசையாது என்ற நிலை பிறகுதான் வந்தது.

கோமளவல்லிக்கு அது தெரியும். தணிகைவேலுக்கு முன்பு அந்தப் பொத்தானருகே நின்றவள் அவள்தான். வளை வராத காலத்தில், இறந்தவரின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். யாரும் கேட்டதில்லை. அவளுக்கே பிடித்திருந்தது. வளை வந்த பிறகு கை எப்போதும் ஜில்லென்றிருந்தது. மயானத்தில் யார் நன்றி சொல்வார்கள்? போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்புகிற இடம். அந்த முதுகுகளைப் பார்த்துப் பார்த்து, தான் எதற்கும் ஆகாதவள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முடி ஒதுக்குவதை எப்போது நிறுத்தினாள் என்பதுகூட நினைவில்லை. தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கொஞ்சம் மனசு வைங்க மேடம்." தணிகைவேல் கெஞ்சலாகத்தான் கேட்டான். "காலைலேருந்து கை விறைச்சுக் கெடக்கு."

"அப்பா செத்துக் கெடக்கார். எங்கேருந்துப்பா வரும்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

கண்ணை மூடி முயன்றாள். பாவம், அவனும் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தாள். துக்கம்தான் பொங்கியது. வளைக்குத் துக்கம் புரியாது. களைப்பில் மனம் தானாக எங்கோ நழுவியது. இன்று ராத்திரி அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம். மூத்திரத் துணி அலச வேண்டாம். விடியும்வரை தூங்கலாம்.

தணிகைவேலின் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சு மேடம். இந்த வேலைக்கு வந்ததிலேருந்து இப்படி ஒரு சூட்டைப் பார்த்ததில்ல. பெரிய மனசு உங்களுக்கு."

தட்டு நகர்ந்தது. அப்பாவின் முடி நெற்றியில் கலைந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள். கை நீட்டுமுன் கதவு இறங்கிவிட்டது.

சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள். பின்னால் அவன் மெல்லச் சீட்டியடிப்பது கேட்டது.