க்ரோவட்ன் ஏரி திறந்திருக்கிறது

இந்த வருடம் ஏரியில் கிளை நடப்போவதில்லை என்று பனிச்சறுக்குச் சங்கம் ஒருமனதாக முடிவெடுத்திருந்தது. இருந்தும் ஏரியில் கிளைகள் நின்றன.

இங்குன் கரையோரத் தடத்தில் சறுக்குக் கட்டைகளோடு நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நவம்பர் மதியம் இரண்டரைக்கே மலைக்குப் பின்னால் நழுவிவிடும் வெளிச்சத்தில், க்ரோவட்ன் ஏரியின் புதுப்பனிக்கு மேலே, இருபது அடிக்கு ஒன்றாக பிர்ச் மரக் கிளைகள் வரிசை பிடித்து ஏரியின் நடுவை நோக்கிப் போயின. அவற்றைச் சுற்றி ஒரு காலடி இல்லை, சறுக்கிய கோடு இல்லை. நேற்றிரவு பெய்த பனி அப்படியே கலையாமல் கிடந்தது.

அவள் வந்தது என்னவோ தடத்தில் கல் தெரிகிறதா என்று பார்க்கத்தான். சங்கத்துக்காகத் தட நிலவரம் எழுதுகிறவள் அவள். பதினோரு வருடமாகிறது. முதல் பனி விழுந்த வாரத்தில் எழுத அதிகம் இருக்காது: காட்டுத் தடத்தில் பனி பதினேழு சென்டிமீட்டர், கல் தெரிகிறது, பழைய கட்டைகளோடு வரவும், ஓடைப் பாலத்தில் கழற்றி நடக்கவும். அவள் கணவன் ரூனார் விடிகாலை மூன்று மணிக்குத் தடம் போடும் வண்டியை எடுப்பான். அவள் மாலைக்குள் நிலவரத்தைப் போடுவாள். ஒஸ்லோ பேருந்தில் வரும் விடுமுறைக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டே மலையேறுவார்கள்.

நிலவரத்தைக்கூட இந்த ஊர் சில சமயம் கிண்டல் செய்யும். கிளையைச் செய்யாது. உறைந்த ஏரியைத் துளைப்பானால் துளைத்து, குச்சியை விட்டு அளந்து, பத்து சென்டிமீட்டர் இருந்தால் மட்டும் அந்தத் துளையிலேயே கிளையைச் செருக வேண்டும். துளைத்த கைதான் நட வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. கிளை நின்றால் அங்கே கால் வைக்கலாம். வேறு கேள்வியே கிடையாது.

இருபத்தாறு வருடம் அந்தக் கிளைகளை நட்டவர் ஹால்வோர். போன நவம்பரில் கிளை நடப்போனவர் ஏரிக்குள் போய்விட்டார். கிடைத்தவை அவருடைய கையுறைகள் மட்டும்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. சங்கத்தின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு நிலவரம். இங்குன், மணி 14.10. க்ரோவட்ன் ஏரி: திறந்திருக்கிறது. பத்து சென்டிமீட்டர், கிளை நட்டாயிற்று. நல்ல சறுக்கு.

அவள் எழுதவில்லை. இன்றைக்கு எழுதவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு எழுத்துப் பிசகாமல் அவளுடையதுதான், போன வருடத்துடையது.

அன்றைக்கு ஹால்வோர் ஏரியிலிருந்து போன் செய்திருந்தார். "பாதி நட்டாச்சு. மீதி இருட்டறதுக்குள்ள." காத்திருந்திருக்கலாம். ஆனால் கரைத்தடம் முழுக்கக் கல். ஏரி திறக்கவில்லை என்றால் விடுமுறைக்காரர்கள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். ஹால்வோர் சொன்னால் முடிக்கிறவர்தானே என்று மேசையில் உட்கார்ந்தபடியே போட்டுவிட்டாள். ஆறு மணிக்கு அவர் மனைவி சிக்னே போன் செய்து, இவர் இன்னும் வரவில்லையே என்றபோதும் இங்குன் கடையில் பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். "நிலவரம் பாக்கலையா? வேலை முடிஞ்சாச்சு. சங்கத்துல காபி குடிச்சிட்டிருப்பார்" என்றாள். சிக்னே நிலவரத்தைப் பார்த்தாள். அவர் தட்டைச் சூடாக இருக்கட்டும் என்று அடுப்புக்குள் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால், கழுத்தில் மாட்டியிருந்த ஆணிகளால் குத்திக் குத்தி எட்டு மீட்டர் கரையை நோக்கிப் பனியை உடைத்துக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர். உடைந்த விளிம்பில் இரண்டு கையுறைகளும் உள்ளங்கை கீழாக ஒட்டி உறைந்திருந்தன. கையுறைகள் பனியோடு உறைந்துவிட்டதால் நான்கு மணி நேரமாவது பிடித்துக்கொண்டிருந்திருப்பார் என்றார் டாக்டர்.

போலீஸ் வருவதற்கு முன் இங்குன் ஒரு சொல்லை மாற்றினாள். திறந்திருக்கிறது என்பது மூடியிருக்கிறது என்றானது. அன்று மலைப்பாதை அடைபட்டுப் பேருந்தே வரவில்லை. படித்தவள் சிக்னே ஒருத்திதான். அவள் எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வாய் திறந்தபோது இங்குன் அவளுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "துக்கத்துல தப்பா படிச்சிருப்பீங்க" என்றாள். குரல்கூடத் தழுதழுத்தது. ஊர் நம்பியது, சிக்னே நிலவரம் படிக்கத் தெரியாதவளானாள்.

இங்குன் கையுறையைப் பல்லால் கழற்றி, நிலவரத்தை அழித்தாள். ஏரிக்கரையின் கடைசி வீட்டில் விளக்கு எரிந்தது. அது சிக்னேயின் வீடு. நேராக அங்கே போனாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே பைன் தார் வாடை அடித்தது. மரக்கட்டைக்குத் தார் பூசிச் சறுக்குகிறவர் இந்த ஊரில் ஹால்வோர் ஒருவர்தான் இருந்தார். சிக்னே சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏரியில கிளை நட்டது யாரு?"

"எனக்கென்ன தெரியும். நான் தப்பா படிக்கிறவ, தப்பாவும் பாப்பேன்."

"விளையாடாதீங்க சிக்னே. அஞ்சு மணிக்கு பஸ் வருது. யாராவது கால வெச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?" உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "துளைப்பான் அவரோட போச்சு. நான் எதை வெச்சுத் துளைப்பேன், இந்தக் கத்தியை வெச்சா?"

அடுப்புக்கு மேலே கொக்கியில் அந்தக் கையுறைகள் தொங்கின. சிக்னே பின்னியவை, கருப்பும் வெள்ளையுமாக, புறங்கையில் எட்டிதழ் நட்சத்திரம். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே வைத்த கிண்ணம் பாதி நிறைந்திருந்தது.

"காய மாட்டேங்குது" என்றாள் சிக்னே. "ஒரு வருஷமா அடுப்புக்கு மேலதான் இருக்கு. ராத்திரிக்கு ரெண்டு தரம் கிண்ணத்தைக் கொட்டறேன்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இங்குனின் முகத்தையல்ல, கழுத்தை. "ஆணி போடலையா?"

ஏரிக்குப் போகும் எவரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஆணிகள். விழுந்தால் பனியில் குத்தி ஏற. அவை இங்குனின் வீட்டுக் கதவில் தொங்கின.

"நான் ஏரிக்குப் போகப் போறதில்ல."

"சரி" என்று சிக்னே அடுத்த கிழங்கை எடுத்தாள்.

வெளியே வந்ததும் கைபேசியைப் பார்த்தாள். க்ரோவட்ன் ஏரி: திறந்திருக்கிறது. 14.10. மறுபடி அழித்தாள். போலீஸ்காரனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இந்த நிலவரம் எப்படி வந்தது என்பான், கணினிக்காரனை விட்டுத் தோண்டுவான், தோண்டினால் போன வருடத்துச் சொல்லும் மேலே வரும். பேருந்து வருவதற்குள் கிளைகளைப் பிடுங்கிவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. கரையிலிருந்து எண்ணினாள். பதினான்கு. பத்து நிமிட வேலை.

ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து முதல் கிளையின் அடியில் விட்டுப் பார்த்தாள். துளை இருந்தது, வட்டமாக, ஓரம் மழுங்காமல், தண்ணீர் இன்னும் உறையாமல். அளவு பத்து. உருவியதும் கிளையின் வெட்டுவாயில் பச்சை வாசம் வந்தது, வெட்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டாவதும் பத்து. மூன்றாவதும் பத்து. அதற்கப்புறம் அவள் அளக்கவில்லை. கிளை நின்றது, அது போதும். இந்த ஊரில் பிறந்தவள் வேறெப்படி நினைப்பாள்?

வெளிச்சம் நீலமாகி, நீலம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கட்டைகளுக்கு அடியில் புதுப்பனி சரசரத்தது, அதற்கும் அடியில் எங்கோ ஆழத்தில் ஏரி தன் வழக்கப்படி நீளமாக முனகியது, ஆரம்பக் குளிரில் எல்லா ஏரியும் முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏழாவது கிளையை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டபோது, முனகலுக்கு நடுவே வேறொரு சத்தமும் கேட்டது. கர்ர், கர்ர் என்று நிதானமாகக் கைப்பிடியைச் சுற்றும் சத்தம். துளைப்பான். முன்னால் எங்கோ.

நின்றாள். சத்தமும் நின்றது.

"யாரு?"

பனி தூற ஆரம்பித்தது, மெல்லிய தூறல். தார் வாடை வந்தது. சிக்னே வீட்டு வாடை உடுப்பில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டாவது. ஒன்பதாவது. ஒவ்வொன்றை உருவும்போதும் சத்தம் நின்று, அவள் நகர்ந்ததும் இன்னும் இருபது அடி தள்ளித் தொடங்கியது. பத்தாவது கிளையில் திரும்பிப் பார்த்தாள். கரை இல்லை. சிக்னேயின் விளக்கு இல்லை. வந்த தடம் தண்ணீர் ஊறிச் சாம்பலாகி மறைந்துகொண்டிருந்தது. வழி காட்டியிருக்க வேண்டிய கிளைகள் எல்லாம் அவள் அக்குளில் இருந்தன.

பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. திரும்புவதற்கு அடையாளம் இல்லை. முன்னால் இன்னும் நான்கு கிளைகள் தெரிந்தன. கிளை இருக்கும் இடம்தான் பத்திரம். அதனால் முன்னாலேயே போனாள்.

பதினொன்று. பன்னிரண்டு. கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டாள். பதின்மூன்று.

பதினான்கு.

உருவினாள். வந்துவிட்டது. பிடிமானமே இல்லை. விளக்கைக் கீழே பிடித்தாள். துளை இல்லை. பனிமேல் சும்மா குத்திவைத்த கிளை. அளக்காமல் நட்டது.

சத்தம் நின்றிருந்தது.

ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். கீழே ஏதோ பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். விரிசல் சத்தம்கூட இல்லை.

தண்ணீர் மார்பை இறுக்கியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கட்டைகள் கால்களைக் கீழே இழுத்தன. ஒன்று கழன்றது. மற்றது கழலவில்லை. முழங்கையை விளிம்பில் போட்டாள். உடைந்தது. மறுபடி. உடைந்தது. மூன்றாவது தடவை நின்றது. ஆணி இல்லை. நகம்தான். கத்தினாள். தூறல் அதை விழுங்கிக்கொண்டது.

கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் கைபேசி பனிமேல் மல்லாந்து கிடந்தது. வெளிச்சம் வந்தது. ரூனார்.

நிலவரம் பாத்தேன். ஏரி திறந்தாச்சு, நட்டவர் வீடு திரும்பியாச்சுன்னு போட்டிருக்கே. நல்லது. நீ சங்கத்துல காபி குடிச்சிட்டு மெதுவா வா. உன் தட்டை அடுப்புக்குள்ள வெச்சிருக்கேன். மூணு மணிக்கு வண்டி எடுக்கணும், படுக்கறேன்.

அவள் எட்டினாள். விரல் நுனிக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண். திரை அணைந்தது.

விரல்கள் உணர்விழந்தன. கால் மணி நேரம் தாங்குவாள், அதற்கு மேல் முடியாது. அது அவளுக்குத் தெரியும், இங்கே எல்லாருக்கும் தெரியும். கை வழுக்க ஆரம்பித்தது. சரி, போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வழுக்கவில்லை.

தார் வாடை முகத்துக்கு நேரே அடித்தது. பனியின் மங்கலான வெண்மையில் பார்த்தாள். அவள் இரண்டு கைகளின் மேலும் இரண்டு கையுறைகள். கருப்பு, வெள்ளை, எட்டிதழ் நட்சத்திரம். உள்ளங்கை கீழாக. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. அவை மேலே இழுக்கவில்லை. கீழே தள்ளவில்லை. அவள் போய்விடாதபடி விளிம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன. நான்கு மணி நேரத்துக்குப் போதுமான பிடி.