சுவரில் மிஞ்சியது

"லைட்ட நூக்காதீங்க உம்மா, இருட்டுல படம் வராது, எத்தின தரம் சொல்ற!"

"கலியாணப் பொண்ணு வெறுஞ்சுவரப் படம் புடிக்கிறா எண்டு ஊரே சிரிக்கிது புள்ள!"

ஊர் சிரித்தது உண்மைதான். கல்முனையில் மகளுக்கென்று கட்டிய சீதன வீடு. பெயின்ட் மணம் போகவில்லை, நிக்காஹ் அடுத்த வாரம். அவளோ வானியல் படிக்கிறாளாம்! உம்மா றம்ஸியா செருப்பை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

விண்மீன் திரளொன்று நடுவில் பிரகாசித்து ஓரத்தில் மங்கும் விதத்துக்குச் சமன்பாடு உண்டு. படத்திலிருந்து அந்த ஒளியைக் கழித்தால் வெறும் சாம்பல் நிறம் மிஞ்ச வேண்டும். பழகிப் பார்க்க, பல்ப் வெளிச்சம் விழுந்த சுவரைப் படமெடுத்து, கணினியில் அந்த ஒளியைக் கழித்தாள் மகள் றுஸ்தா. மிஞ்சியது ஓர் ஆள். சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தது.

கணக்குப் பிழையென்று பல்பை மாற்றினாள். அடுத்த படத்தில் எழுந்து நின்றது. இன்றைய படத்தில் இந்தப் பக்கம் முகம் காட்டிக் கிறுகியிருந்தது.

வெளிச்சம் இருக்கும்வரை சுவரோடுதான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்து, கடல் இரைச்சல் யன்னல் கம்பிகளுக்குள்ளால் நுழைந்து, பெயின்ட் மணத்தோடு எதுவோ ஊறிப்போன சாக்கு நாற்றமும் மெல்ல மெல்லக் கலந்தபோது—

டக்.

இருட்டு.

"உம்மா, விளையாடாதீங்க!"

"என்னடி?" குரல் கேற்றுக்கு அப்பாலிருந்து வந்தது. "நான் றோட்டுல நிக்கிறன்."

சுவிச் அறைக்குள்தான். கதவோரம். அங்கே மூச்சு. ஈரமான மூச்சு.

ஓடினாள்.

"வாயத் துறந்தியோ, தங்கச்சிக்கும் மாப்பிள வரமாட்டான்," என்றாள் உம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு. றுஸ்தா வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை அஸ்கியை நிக்காஹ் முடித்து நற்பிட்டிமுனையில் வாடகைக்குப் போனாள். சொந்த வீடிருக்க வாடகைக்குப் போன மகாராணி என்று தெரு மாதக் கணக்கில் மென்றது. வீடு தங்கை அப்னாவுக்குப் போயிற்று. அவள் அக்ரமை முடித்துக் குடிபுகுந்த அன்று மாலை, அப்னாவின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. பல்பின் கீழே புதுத் தம்பதி, ஒரே சஹன் தட்டில் குனிந்து சாப்பிடுகிறார்கள்.

அந்தப் படத்திலிருந்தும் ஒளியைக் கழித்தாள் றுஸ்தா. அவர்கள் இருவரைத் தவிர, சுவரில் எதுவுமில்லை. சுத்தச் சாம்பல். அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்னாவை போனில் அழைத்துக் கேட்டாள்: "வடிவான படம். ஆரு எடுத்த?"

"என்ன படம் ராத்தா? வீட்டுல நாங்க ரெண்டு பேரும்தான். போன் இவ்வளவு நேரமும் அறைக்குள்ள கிடந்த."

மீண்டும் பார்த்தாள். மிகக் கிட்டத்தில் நின்று எடுத்த படம். அப்னாவின் முக்காட்டு நூல்கூடத் தெரிந்தது.