பன்னிரண்டு வரிசை மிளகு

மேனகா வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே கோகிலாவுக்கு அவளைப் பிடிக்காமல் போனது. காரணம் பானுமதியம்மா. தணிக்கைத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது வாசலூர்பட்டியில் துப்புத் துலக்கும் அந்த அம்மாள், மேனகாவின் வரைவு அறிக்கையைப் புரட்டிவிட்டு, "எத்தனை தெளிவா எழுதியிருக்கே, கண்ணு!" என்றார். மூன்று வருடமாக உதவியாளராக உழைக்கும் கோகிலாவுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மேனகா ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கணக்காளர். பங்குதாரர் பணத்தில், தேவனூர் நாடு எனப்படும் மலை ஊர்த்தொகுதியில் மிளகு நட்ட நிறுவனம் அது.

"கொடி காய்க்க மூணு நாலு வருசம் ஆகுமுங்க. அதனால நட்ட செலவு ஒன்பது லட்சத்தை ஒத்திவைத்த செலவுன்னு சொத்துப் பக்கம் வெச்சேன். காய்ச்சதும் வருசா வருசம் கழிக்கலாம்னு. இப்பக் கொடி பட்டுப்போச்சுங்க. மொத்தமும் இந்த வருச நட்டம். நடாத கொடிக்குக் கணக்கு எழுதிட்டேன்னு பேசறாங்க. நாளைக்குப் பங்குதாரர் கூட்டத்துல என் வேலை போயிருமுங்க."

தோட்ட மேலாளர் சுரேந்தரின் கடிதத்தையும் அவள் நீட்டினாள். 'வாடல் நோயால் இலைகள் உதிர்ந்து கொடிகள் பட்டுவிட்டன.' கணக்குப் பிரிவை முன்பு பார்த்தவர் சுரேந்தர்தான். மேனகா வந்ததும் அவரைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மூவரும் போய்ப் பார்த்த தோட்டத்தில் பன்னிரண்டு வரிசைக் கொடிகள் மரங்களில் காய்ந்து நின்றன. கருகிய இலைகள் கொடியிலேயே தொங்கின. தரையில் மிளகு இலை ஒன்றுகூட உதிர்ந்திருக்கவில்லை; ஒவ்வொரு கொடியின் அடியிலும் மரச்சருகு மட்டும் குவிந்திருந்தது. பதின்மூன்றாவது, பதினான்காவது வரிசைகள் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தன.

"அதுவும் அதே மாசம் நட்டதுங்க. நாத்து, கூலி எல்லாம் மானியம். செலவில்லாததால பட்டியல்ல சேர்க்கலை" என்றாள் மேனகா.

எங்கிருந்தோ அறுத்துவந்து கட்டிய கொடிகள், அடியில் வேரே இருக்காது என்று கோகிலாவின் மனம் கணக்குப் போட்டது. "தோண்டிப் பாரு" என்றார் பானுமதி. கோகிலா ஆவேசமாகச் சருகைத் தள்ளித் தோண்டினாள். மண்ணுக்குள் வேர் உறுதியாக இருந்தது. சருகு மூடிய இடத்தில் தண்டைக் கத்தியால் நறுக்கியிருந்தார்கள்.

நிறுவனத் தலைவர் செல்வத்தையும் சுரேந்தரையும் பானுமதி அங்கேயே வரவழைத்தார்.

"வாடல் நோய்னா இலை உதிரும். அறுத்த கொடியில இலை அப்படியே காஞ்சு தொங்கும். உதிர்ந்துச்சுன்னு எழுதின நீங்க இதைப் பார்த்து எழுதலீங்க, சுரேந்தர். நோயைப் பத்திப் படிச்சதை எழுதியிருக்கீங்க."

"வேற யாராச்சும் அறுத்திருக்கலாமுங்களே?"

"அவன் பன்னிரண்டோட ஏன் நிறுத்தினான்? எல்லாம் ஒரே வயசுக் கொடி. எந்த வரிசை ஒத்திவைத்த செலவுன்னு மேனகாவோட வரைவு அறிக்கையில மட்டுந்தான் இருக்கு. கூட்டத்துக்கு முன்னால அவளைத் தவிர அதைப் படிச்சது நீங்களும் செல்வமுந்தான். பங்குல பாதி செல்வத்தோடது. தன் காசைத் தானே அறுப்பாரா?"

சுரேந்தரின் முகம் கோணியது. "நான் கத்துக்குடுத்த வேலைங்க அது! எல்லாரும் அவளையே மெச்சினா நான் என்ன பண்ணட்டும்?"

கோகிலாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கூட்டத்துல நீயே எழுந்து நடந்ததைச் சொல்லு, மேனகா. கணக்கை இனியும் நீதான் பார்க்கணும்" என்றார் செல்வம்.

மேனகா ஓடிவந்து கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தோண்டலைன்னா நான் தொலைஞ்சிருப்பேனுங்க, அக்கா."

"நீ பொய் சொல்றேன்னு காட்டத்தான் தோண்டினேன்" என்றாள் கோகிலா.

மேனகாவின் பிடி தளர்ந்தது.

"தெரியும். அதனாலதான் உன்னைத் தோண்டச் சொன்னேன். இவ மேல பிரியமானவங்கன்னா எங்க இவ தப்பு தெரிஞ்சிருமோன்னு பாதியிலேயே நிறுத்திருவாங்க" என்றார் பானுமதி.